நூற்றுப் பதினெட்டு முகங்களும் ஒரு பழைய லேப்டாப்பும்

செஞ்சியில் காதுகுத்து என்றால் முதலில் மண்டபம் பிடிப்பார்கள், அடுத்து பேனருக்குச் சொல்வார்கள். காது குத்த ஆசாரியிடம் சொல்வதெல்லாம் அப்புறம்தான். கூட்டு ரோட்டில் பஸ் திரும்பும்போதே தெரிந்துவிட வேண்டும், இன்னார் வீட்டு விசேஷம் என்று. நடுவில் குழந்தை, பக்கத்தில் தாய்மாமன், தலைக்கு மேல் ஊர்ப் பெரியவர்கள், அவர்களுக்கும் மேல் ஒரு தலைவர், கீழே வரிசை வரிசையாக உறவும் நட்பும். யார் முகம் எங்கே, எந்த அளவில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு சித்தப்பா விட்டுப்போனால் அந்தக் குடும்பம் பந்தியில் உட்காராது. ஒரு மச்சான் முகம் இன்னொரு மச்சான் முகத்தைவிடச் சிறுத்துப்போனால் மண்டப வாசலோடு திரும்பிப் போய்விடுவார்.

இந்த வம்புகளைப் பதினோரு வருடமாகத் தன் விரல் நுனியில் வைத்துச் சமாளித்தவள் கலைச்செல்வி. காந்தி பஜாரில் தனசேகரனின் டிசைன் கடையில் வேலை. செஞ்சியிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் கட்டப்பட்ட பேனர்களில் பாதி அவள் கையால் ஆனவை. பிளஸ் டூ முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, இருபத்திரண்டாம் வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தது முப்பத்து மூன்றாம் வயதில், போன ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு முகத்தையும் அவள் தனித்தனி லேயரில் வைப்பாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்கு ஒரு முகம். அடியில் பெயர் எழுதி வைப்பாள்: பெரிய மாமா, மேல்மலையனூர் அத்தை, வெளிநாட்டு அண்ணன். மற்ற டிசைனர்கள் வேலை பாதியில் இருக்கும்போதே எல்லாவற்றையும் மெர்ஜ் செய்து ஒரே தாளாக ஒட்டிவிடுவார்கள், கம்ப்யூட்டருக்குச் சுமை குறையும். கலைச்செல்வி ஒட்டவே மாட்டாள். கடைசி நிமிடத்தில் ஒரு போன் வரும், "யம்மா, எங்க மாமாவ மேல தூக்கு, இல்லன்னா குடும்பமே ரெண்டாயிடும்" என்று. வராமல் இருந்ததில்லை. ஒட்டிய தாளில் மாமாவை எப்படித் தூக்குவது? கத்தரித்துப் பிய்க்க வேண்டும். கலைச்செல்வி இரண்டு விரலால் தூக்கி வைத்துவிடுவாள். ஆனால் நூறு தாளையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக் கம்ப்யூட்டருக்கு ரேம் வேண்டும், ஏராளமாக வேண்டும். தனசேகரன் கடையில் அது இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை தங்கராசு மேஸ்திரி கடைக்கு வந்தார். கட்டட வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர். கலைச்செல்வியின் காலனியிலேயே அடுத்த தெரு. பேத்திக்குக் காதுகுத்து. ஒரு பென்டிரைவ் நிறைய போட்டோ, நூற்றுப் பதினெட்டுப் பேர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லா முகமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

"பாப்பா மட்டும் பெருசா?" என்றார் தனசேகரன்.

"பாப்பாவும் அதே அளவுதான். நடுவுல வெச்சிடு, போதும்."

தனசேகரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா மேஸ்திரி, வாக்காளர் பட்டியலா அடிக்கப் போற?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. "போன தை மாசம் ஒரு வூட்டு விசேஷம். அந்த வூட்ட அஸ்திவாரத்துலேர்ந்து மொட்ட மாடி வரைக்கும் கட்டுனவன் நானு. பேனர்ல என் மூஞ்சியும் போட்டாங்க. எங்க போட்டாங்கன்ற? கீழ, மண்டபத்து போன் நம்பருக்குப் பக்கத்துல. கட்ட வெரலு நகம் அளவு. என்னையே நான் தேடித்தான் கண்டுபுடிச்சேன். என் பேத்தி விசேஷத்துல ஒருத்தன் மூஞ்சியும் சின்னதா இருக்கக் கூடாது."

அவர் படியிறங்கியதும் தனசேகரன் நாற்காலியைத் திருப்பினார். "கலை, இத இழுத்துக்கினு கெடக்காத. போன வாரம் போட்ட காதுகுத்து டெம்ப்ளேட்டு இருக்குதுல்ல, அதுல பாப்பாவ மட்டும் மாத்து. பெருசா மூணு மூஞ்சி. மீதிய அடியில பொடிப்பொடியா தூவி வுட்டுடு."

"ஒரே அளவு கேட்டாரு சார்."

"கேப்பாங்க. உங்க தெரு ஆளுங்களுக்கு இவ்ளோ மெனக்கெட வேணாம்மா. வருவாங்க, பேனர் முன்னால நின்னு செல்பி எடுப்பாங்க, போயிடுவாங்க."

கலைச்செல்வி கையில் இருந்த வேலையை சேவ் செய்தாள். சிஸ்டத்தை முறைப்படி அணைத்தாள். டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"இன்னா, உடம்பு சரியில்லியா?" என்றார் தனசேகரன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்குது சார். நாளையிலேர்ந்து வரல."

அவருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் மறுபடி சிரித்தார். "வூட்ல வெச்சிருக்கியே ஒரு டப்பா, அதுல போடப் போறியா நூத்திப் பதினெட்டு மூஞ்சிய? பத்து மூஞ்சிக்கே அதுக்கு மூச்சு வாங்கும். போ போ. வெள்ளிக்கிழம நீயே வருவ. சீட்டு காலியாத்தான் இருக்கும்."

அவள் நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "மாமா, நீங்க கேட்ட மாதிரி அந்தக் கடையில வராது. என்கிட்ட குடுங்க, நான் போட்டுத் தரேன்."

ஞாயிறு விசேஷம். திண்டிவனத்தில் பேனர் அச்சடிக்கும் மிஷின்காரருக்கு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஃபைல் போய்ச் சேர வேண்டும். மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "முடியலன்னா?"

"முடியலன்னா அவரு கடைக்கே போய் உக்காந்து, அவரு சொல்ற மாதிரி போட்டுக் குடுக்கறேன். உங்க விசேஷம் நிக்காது."

மேஸ்திரி பென்டிரைவைக் கொடுத்தார். திரும்பி நடக்கும்போதுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியாது. மூன்று முகம் பெரிதாக, மீதி பொடிப்பொடியாக. ஆயுசுக்கும் அதுதான்.

தனசேகரன் டப்பா என்று சொன்ன லேப்டாப்பை அவள் எட்டு வருடம் முன்பு சென்னையில் பழையதாக வாங்கினாள். வாங்கும்போதே அதற்கு ஆறேழு வயது. மூடியின் கீல் ஒன்று தளர்ந்து, சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். பேட்டரி செத்துப் பல காலம். கரண்ட் போனால் அதுவும் போகும். இருந்தாலும் வீட்டில் செய்த சின்னச் சின்ன வேலைகளுக்கு அது ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. போன ஐப்பசிக்குப் பிறகுதான் எருமை மாதிரி நடக்க ஆரம்பித்தது. வயசாயிற்று என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அதற்குள் இரண்டு ஜிபி ரேம் பட்டை இரண்டு, ஆக நான்கு ஜிபி இருக்க வேண்டும். திரையில் இரண்டு என்றுதான் காட்டியது. ஒரு ரேம் செத்துவிட்டது என்று முடிவு கட்டினாள். செத்ததை எடுத்துவிட்டு நான்கு ஜிபி ஒன்று போட்டால் ஆறாகும், ஆறு இருந்தால் நூற்றுப் பதினெட்டைத் தாங்கும். லேப்டாப் வாங்கிய சென்னைக் கடைக்குப் போன் போட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் திருவண்ணாமலை பஸ் கண்டக்டர் கூட்டு ரோட்டில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிமூடியின் திருகைக் கழற்றிப் புது ரேமைச் செருகினாள். அதன் விளிம்பில் இருந்த வெட்டு சரியாக உட்கார்ந்தது. இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று பூட்டிக்கொண்டன. பட்டனை அமுக்கினாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தாள். கருப்பு.

புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெடுமாறன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். செல்போன், லேப்டாப் எல்லாம் பார்ப்பான்; அவளைவிட நான்கைந்து வயது சின்னவன். புது ரேமை அழிரப்பரால் தேய்த்துப் போட்டான், கருப்பு. அதையே தன் கடை லேப்டாப்பில் போட்டான், ஜம்மென்று எழுந்தது.

"பார்த்தியா யக்கா, ரேமு நல்லாக்குது. ஒன்னுது தான் போச்சு. ஸ்லாட்டு செத்து, போர்டும் செத்திருக்கும். இத்தினி வருசம் ஓடுனதே அதிசயம். கடாசிட்டுப் புதுசு ஒண்ணு எடு."

"பழைய ரேமு ஒண்ணு போட்டா ஓடுதே. போர்டு செத்திருந்தா அது எப்புடி ஓடும்?"

"அது இழுத்துக்கினு கெடக்குது யக்கா. நாளைக்கு அதுவும் நின்னுடும்."

"நாளைக்கு நிக்கறத நாளைக்குப் பார்த்துக்கலாம். குடு அத."

வீட்டில் அவள் அம்மா மங்கை நூறு நாள் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும், "அவரு கடையிலயே போய் கேளேன்டி, பதினோரு வருசம் சோறு போட்ட எடம்" என்றாள்.

"சோறு நான் கட்டிக்கினு போனேன். அவரு போடல."

மங்கை அடுப்படிக்குப் போனாள்.

கலைச்செல்வி பழைய பேனர் பிட் ஒன்றை எடுத்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, மார்க்கரால் கட்டம் கிழித்தாள். ரேம் வைக்கிற இடம் இரண்டு. கையில் ரேம் மூன்று: பழையது ஒன்று, பழையது இரண்டு, புதியது. ஒரு தடவைக்கு ஒரே ரேம், ஒரே இடம். ஆக ஆறு சோதனை. நெடுமாறன் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுச் சேர்த்தே தீர்ப்பும் சொல்லிவிட்டான். இவள் ஒவ்வொன்றாகக் கேட்கப் போகிறாள்.

பழையது ஒன்று, முதல் இடம்: ஓடியது. பழையது இரண்டு, முதல் இடம். செத்துவிட்டதாக அவள் நினைத்த ரேம் அது. ஓடியது! அவள் எழுந்து நின்றுவிட்டாள். அது சாகவே இல்லை. அப்படியென்றால் இரண்டாவது இடத்தில்தான் கோளாறு. போட்டுப் பார்த்தாள். பழைய ரேம் இரண்டுமே அங்கே ஓடவில்லை. சரி, நெடுமாறன் பாதி சரி. ஆனால் புதியதை முதல் இடத்தில் போட்டபோதும் கருப்பு. முதல் இடம் நல்ல இடம். புதியது நல்ல ரேம், நெடுமாறன் கடையில் கண்ணால் பார்த்தது. நல்லதும் நல்லதும் சேர்ந்தால் ஏன் ஓடவில்லை?

கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோய் ஒன்றில்லை, இரண்டு. ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்தது.

முதலில் இரண்டாவது இடத்தைப் பார்த்தாள். செல்போன் டார்ச்சை அடித்து, கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும் பொடிக் கம்பிகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. ஊசி முனையால் நெருடி, எடுத்து மோந்து பார்த்தாள். சந்தன வாசனை.

"எம்மா! ஆயுத பூஜைக்கு இதுக்கு எங்கெங்க பொட்டு வெச்ச?"

மங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மேல வெச்சேன். கவுத்துப் போட்டு அடியிலயும் வெச்சேன். ஆட்டோவுக்கு நாலு சக்கரத்துக்கும் வெக்கல? அது மாதிரி."

"ஆட்டோவுக்கு மூணு சக்கரம்மா."

"ஏதோ ஒண்ணு. சந்தனம் கொஞ்சம் தண்ணியாயிட்டுது. ஓட்ட ஓட்டயா இருந்துது, உள்ள போனாலும் சாமிதானேன்னு வுட்டுட்டேன்."

கலைச்செல்விக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் ஐப்பசியிலிருந்து பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்து சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. பத்து மாதமாகப் பாதி ரேமில் ஓடியிருக்கிறது அந்தப் பிறவி. செத்தும் போகவில்லை, வயசும் ஆகவில்லை. தொண்டையில் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது.

மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கி வந்தாள். புது டூத் பிரஷ் ஒன்றின் முடியைப் பாதிக்கு வெட்டி, ஸ்பிரிட்டில் தொட்டு, கம்பிக்குக் கம்பி, மேலிருந்து கீழாக மட்டும் இழுத்தாள். குறுக்கே தேய்த்தால் கம்பி வளைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. காயட்டும் என்று மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். வந்து பழைய ரேம் இரண்டையும் இரண்டு இடத்திலும் போட்டாள். திரை எழுந்தது. நான்கு ஜிபி.

நான்கு போதாது என்று வியாழக்கிழமை காலையில் தெரிந்துவிட்டது. எழுபதாவது முகத்தை வைக்கும்போது லேப்டாப் உறைந்து நின்றது. திரும்பத் தொடங்கினாள், எழுபத்திரண்டில் நின்றது. மெர்ஜ் செய்துவிட்டால் ஓடிவிடும். கை அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது உண்மைதான். ஆனால் நூற்றுப் பதினெட்டுப் பேரின் சொந்தக்காரர்களும் வெள்ளிக்கிழமை காலையில் வந்து நிற்பார்கள், ஒருவர் பாக்கி இல்லாமல் எதையாவது மாற்றச் சொல்வார்கள். கையை எடுத்துக்கொண்டாள்.

மீதி இருந்தது இரண்டாவது நோய். பழைய ரேமையும் புதியதையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நீளம் ஒன்று, வெட்டு ஒன்று. இரண்டையும் திருப்பிப் போட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பழையதில் முன்பக்கம் எட்டு சிப், பின்பக்கம் எட்டு சிப். புதியதில் முன்பக்கம் எட்டு இருந்தது, முதுகு மொட்டையாக இருந்தது. ஸ்டிக்கரில் பழையதற்கு 2Rx8, புதியதற்கு 1Rx8.

அந்த எழுத்துகளை அப்படியே போனில் தேடினாள். வந்ததெல்லாம் இங்கிலீஷ். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவள். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் இதே வயசு லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதேபோல் தவித்திருந்தார். படித்து முடித்ததும் விஷயம் தெளிவானது. பழைய காலத்து நான்கு ஜிபி ரேமில் அந்த நான்கைப் பதினாறு சிப்புகள் பங்கு போட்டுக்கொண்டன. பிறகு சிப்பின் கொள்ளளவு கூடியது; எட்டே போதும் என்றாயிற்று. இவளுடைய லேப்டாப் பிறந்தபோது அவ்வளவு பிடிக்கிற சிப் புழக்கத்தில் இல்லை. அதனால் அதன் போர்டுக்கு அதைப் படிக்கத் தெரியாது. போர்டு கெட்டுப்போகவில்லை. ரேமும் கெட்டுப்போகவில்லை. இந்தப் போர்டுக்கு முதுகிலும் சிப் இருக்கிற ரேம் வேண்டும், அவ்வளவுதான்.

சென்னைக்குப் போன் போட்டாள். "பழைய டைப்பா? ரெண்டு பக்கம் சிப்பா? தேடிப் பார்த்துத் திங்கக்கிழமை சொல்றேம்மா" என்றார்கள். திங்கட்கிழமை!

மறுபடி நெடுமாறன் கடை. "ஸ்கிராப்பு எங்க வெச்சிருக்க?"

"எதுக்குக்கா?"

"காட்டு, சொல்றேன்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெயின்ட் பக்கெட்டை இழுத்துவிட்டான். உடைந்த சார்ஜர், கழற்றிப்போட்ட கீபோர்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய ரேம்கள். கலைச்செல்வி கடை வாசலில் குந்தி, ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, முதுகைப் பார்த்துவிட்டுப் போட்டாள். வெட்டு வேறாக இருந்ததைத் தள்ளினாள். முதுகு மொட்டையைத் தள்ளினாள். இரண்டு ஜிபியைத் தள்ளினாள்.

"மாட்டு வாயில பல்லு பாக்கற மாதிரி பாக்கறியே யக்கா."

"பல்லு இல்லாத மாட்ட எனக்குக் கட்டப் பார்த்தியே, அதான்."

முப்பதுக்கு மேல் பார்த்திருப்பாள். தேடியது ஒன்றே ஒன்று கிடைத்தது. நான்கு ஜிபி, இரண்டு பக்கமும் எட்டெட்டு, 2Rx8. யாரோ தண்ணீரில் போட்ட லேப்டாப்பிலிருந்து கழற்றியது.

"ஒண்ண வெச்சி இன்னா பண்ணுவ? ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் ரெண்டு. ஜோடி சேராதுக்கா. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைசு இருந்தாத்தான் ஒழுங்கா ஓடும்."

"சேராதுன்னு நீ போட்டுப் பார்த்திருக்கியா?"

நெடுமாறன் தலையைச் சொறிந்தான். "போட்டுப் பார்த்ததில்ல. சொல்லுவாங்க."

"இந்தா, என் புது ரேமு. ஒன் கஸ்டமர் யாருக்காவது ஆவும். அதுக்கு இது."

அங்கேயே அவன் மேசையில் வைத்து மாட்டினாள். முதல் இடத்தில் பக்கெட் ரேம், இரண்டாவது இடத்தில் பழையது. பட்டனை அமுக்கினாள். விசிறி சுற்றியது. திரை கருப்பு. நெடுமாறன் வாயைத் திறந்தான். கலைச்செல்வி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். இரண்டையும் கழற்றி, ஓரத்தை அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி அமுக்கினாள். இந்தத் தடவை பூட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. பட்டன். கருப்பு. கருப்பு. பிறகு கம்பெனி பெயர் வெள்ளையாக எழும்பியது.

ஆறு ஜிபி.

"யக்கா," என்றான் நெடுமாறன், "இத வேற யாருகிட்டயும் சொல்லாத. நான் கடாசச் சொன்ன லேப்டாப்ப எல்லாம் தூக்கினு வந்து நிப்பானுங்க."

பக்கெட்டில் கிடந்ததை அப்படியே நம்ப அவள் தயாராக இல்லை. வீட்டுக்கு வந்து ரேமைச் சோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டாள். இரண்டரை மணி நேரம் ஆகும் என்றது. இருந்ததே ஒரு நாள். அதில் இரண்டரை மணி நேரத்தைக் கொடுப்பதா என்று யோசித்தாள். ஆனால் நூறாவது முகத்தில் வந்து கவிழ்த்துவிட்டால்? கரண்ட் போய்விடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். மங்கை கதவோரம் நின்று பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள், கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. ஒரு பிழைகூட இல்லை என்று வந்தது.

அதற்கப்புறம் வேலைதான். நூற்றுப் பதினெட்டு முகத்தையும் ஒரே அளவில் வைப்பது அவள் நினைத்ததைவிடக் கஷ்டம். ஒருவர் கல்யாண போட்டோவில் மாலையோடு, ஒருவர் ஆதார் போட்டோவில் திகைப்போடு, ஒருவர் பைக்கில் கூலிங்கிளாஸோடு. கன்னத்தைக் கன்னம் அளவுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தைச் சமப்படுத்தி, எண்பது தாண்டியது, நூறு தாண்டியது. லேப்டாப் முனகியது, அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது, நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் நூற்றுப் பதினெட்டும் வந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேஸ்திரி, அவர் மனைவி, மகள், மருமகன், இன்னும் தெருவில் பாதிப் பேர் வந்து நின்றார்கள். சுவரில் சாய்த்திருந்த திரையைச் சுற்றிக் கும்பல். தலைவர் இல்லை. பெரியது இல்லை, சிறியது இல்லை. நடுவில் குழந்தை வாயில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தது.  எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் முகத்தைத் தேட ஆரம்பித்தார்கள்.

"நான் எங்கடி?"

"அதோ, மூணாவது வரிசையில. உன் மாமியாளுக்குப் பக்கத்துல."

"அய்யய்யோ, அவகிட்ட இருந்து பிரிச்சி வையி கலை!"

கலைச்செல்வி மாமியாரைத் தூக்கி வேறு வரிசையில் வைத்தாள். ஒரு நொடி ஆயிற்று. மேஸ்திரியின் மருமகனுடைய அண்ணன், கூலிங்கிளாஸ் இல்லாத போட்டோ ஒன்றை அனுப்பினான், மாற்றினாள். தாய்மாமன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மடியில வெச்சிக் காது குத்தறவன் நானு. கொஞ்சமாவது பெருசா இருக்க வேணாமா?"

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி கலைச்செல்வியைப் பார்த்தார். இப்போது அதுவும் இரண்டு விரல் வேலைதான், இழுத்தால் பெரிதாகிவிடும்.

"பெருசாக்க மாட்டேன்ணா," என்றாள் அவள். "பாப்பாவுக்கு வலப் பக்கமா ஒட்டி வெக்கறேன். மடியும் அங்கதான் இருக்கும், நீங்களும் அங்கதான் இருப்பீங்க. அளவு அதேதான்."

தாய்மாமன் முறைத்தார். குழந்தையின் தோளோடு தோளாக அவர் முகம் வந்து உட்கார்ந்ததைக் குனிந்து பார்த்தார். "மீசைய இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கு" என்றார்.

பதினொன்றே முக்காலுக்கு ஃபைல் திண்டிவனம் போய்ச் சேர்ந்தது.

பன்னிரண்டரைக்குத் தனசேகரனிடமிருந்து போன் வந்தது. "இன்னா கலை, திண்டிவனத்துக்காரன் சொல்றான், ஏதோ பெரிய ஃபைலா வந்துக்குதாமே. எந்த சிஸ்டத்துல போட்ட?"

"என்னுதுலதான் சார்."

"அந்த டப்பாவுலயா?" என்றார் தனசேகரன். "சரி வுடு. கோவத்துல ஏதோ பேசிட்டம். திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடு. உனக்குப் புது நாற்காலி வாங்கிப் போடறன்."

"திங்கக்கிழம எனக்கு வேல இருக்குது சார்."

"யாரு குடுத்தா?"

"வேல இருக்குது சார். வெக்கறேன்."

திங்கட்கிழமை அவளுக்கு எந்த வேலையும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. அவள் போனை வைத்தாள். பிறகு திரைக்கு முன் உட்கார்ந்து புது ஃபைல் ஒன்று திறந்தாள். அகலம் ஆறடி, உயரம் மூன்றடி. அவர்கள் வீட்டு வாசல் சுவருக்கு அந்த அளவுதான் தாங்கும்.

மங்கை தண்ணீர்ச் சொம்போடு வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள். "இது யாரு வூட்டு விசேஷம்?"

"நம்ம வூட்டுதுதான். கடை போர்டு."

"அப்போ ஒன் போட்டோவ நல்லா பெருசா போடு. அந்தப் பச்சப் பொடவ கட்டுனது."

"போட்டோ வேணாம்மா. பேரும் நம்பரும் போதும்."

"இன்னாடி இது, ஊரு மூஞ்சியெல்லாம் போடற, ஒன் மூஞ்சி வேணாமா?"

"பேரப் பார்த்து வரவங்க வந்து நேர்ல பார்த்துக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கலைச்செல்வி முதல் எழுத்தைத் தட்டினாள்.